கூடம்தான் கோணல்! – விரல்கோலின் நழுவல் பற்றி ஒரு மதிப்பீடு

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. வீடியோ விளையாட்டில் தோற்றுவிட்டுக் கையிலுள்ள கருவியைக் குறை கூறும் இளைஞனுக்கு வீட்டார் சொல்லும் மறுமொழி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நிற்கச் சொன்ன வீரன் தானாக நடந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தான் என்று முறையிட்டால் யார் நம்புவார்? ஆனால் இந்த வழக்கில் நியாயம் பல வேளைகளில் அந்த இளைஞன் பக்கமே இருக்கிறது. கூடம் கோணல்தான் என்பதை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்தே கண்டறிந்துவிட்டார்கள்.

வீடியோ கேம் ஆர்வலர்களுக்கு அன்றாடம் எரிச்சலூட்டும் குறைகள் பல உண்டு. புதிய ஆட்டத்தை வாங்கி வந்த அன்றே அதற்கான திருத்தங்களை மணிக்கணக்கில் இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். 2014இல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தைப் போல, நிறுவனம் தன் சர்வரை நிறுத்தியவுடன் காசு கொடுத்து வாங்கிய ஆட்டமே மறைந்துபோவதும் உண்டு. அது 2024 மார்ச் 31ஆம் நாள் நின்றுபோயிற்று. இவை எல்லாவற்றையும் இங்கு ஆராய இடமில்லை. மிகச் சிறிய உறுப்பொன்றால் விளையும் மிகப் பெரிய தொல்லையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆட்டக்காரர்கள் ‘அனலாக் ஸ்டிக்’ என்று சொல்லும், கட்டைவிரலால் அசைக்கும் சிறு கோலே அது. அதை விரல்கோல் என்று அழைப்போம். அதன் அமைப்பையும் குறையையும், குறைக்குத் தயாரிப்பாளர்கள் கூறும் சமாதானத்தையும் எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நழுவல் என்றால் என்ன?

விரல்கோலை விட்டுவிட்டால் அது வில்சுருளின் விசையால் நடுநிலைக்குத் திரும்பும். அப்போது திரையிலுள்ள உருவமும் நிற்க வேண்டும். ஆனால் சில மாதங்கள் ஆடிய பின்பு, கோல் நடுவில் நிற்கும்போதே உருவம் மெல்ல ஒரு பக்கமாக நகரத் தொடங்குகிறது. குறி பார்க்கும் ஆட்டமாயின் குறி தானாக விலகுகிறது. பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போனால் அம்புக்குறி நிற்காமல் கீழே ஓடுகிறது. இதையே ஆட்டக்காரர்கள் ‘டிரிஃப்ட்’ என்கிறார்கள். நாம் நழுவல் எனலாம்.

இந்தக் குறையின் கொடுமை, அது ஒரேயடியாக வருவதில்லை என்பதே. பொத்தான் உடைந்தால் உடைந்தது என்று தெரியும். நழுவலோ இன்று கொஞ்சம், நாளை கொஞ்சமாக வரும். ஒரு நாள் மறைந்தும் போகும். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டும்போது கருவி ஒழுங்காக நடந்துகொள்ளும். அதனால் ஆட்டக்காரன் முதலில் தன் கையையே சந்தேகிக்கிறான்.

உள்ளே இருப்பது என்ன?

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஒலிக் குமிழை வாசகர்கள் அறிவார்கள். சில ஆண்டுகள் திருகிய பிறகு, அதைத் தொட்டாலே ‘கரகர’ என்று இரையும். ரேடியோ பழுது பார்ப்பவர் ‘வால்யூம் கண்ட்ரோல் போய்விட்டது’ என்று சொல்லி வேறொன்றை மாற்றித் தருவார். அந்த உறுப்பின் பெயர் பொட்டென்ஷியோமீட்டர். அதாவது மாறு மின்தடை. பெரும்பாலான விரல்கோல்களுக்கு உள்ளே இருப்பதும் இதே உறுப்புத்தான். 1972இல் வந்த ‘பாங்’ என்ற ஆட்டப் பெட்டியில் மட்டையை நகர்த்திய குமிழும் இதுவே. ஆட்டம் எவ்வளவோ மாறிவிட்டது; அடியிலுள்ள உறுப்பு மாறவில்லை.

அது வேலை செய்யும் விதம் எளிது. கரி கலந்த ஒரு படலம் இருக்கும். அதன் இரு முனைகளுக்கும் மின்னழுத்தம் கொடுக்கப்படும். படலத்தின் மேல் மெல்லிய உலோகத் தூரிகை ஒன்று வழுக்கிச் செல்லும். தூரிகை நிற்கும் இடத்தைப் பொறுத்து அதில் கிடைக்கும் மின்னழுத்தம் மாறும். எடுத்துக்காட்டாக, முனைகளுக்கு 3 வோல்ட் கொடுத்தால், தூரிகை நட்டநடுவில் நிற்கும்போது 1.5 வோல்ட் கிடைக்கும். கருவியிலுள்ள சில்லு இந்த வோல்ட் அளவை எண்ணாக மாற்றுகிறது. 0 முதல் 255 வரை எண்கள் என்று கொண்டால், 0 ஒரு கோடி, 255 மறு கோடி, 128 நடு. இடம் வலத்துக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று என ஒவ்வொரு கோலுக்கும் இரண்டு மாறு மின்தடைகள் வேண்டும். இரண்டு கோல்கள் உள்ள கருவியில் நான்கு இருக்கும்.

இந்த அமைப்பின் நிறைகளையும் சொல்லிவிட வேண்டும். இது மலிவானது, சிறியது, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவது. புதிதாக இருக்கும்போது மிக நுட்பமாகவும் அளக்கும். பொறியாளர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

ஏன் தேய்கிறது?

வழுக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தேய்க்காமல் இருக்க முடியாது. தூரிகை கரிப்படலத்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டுகிறது. கோலை எந்தப் பக்கம் அசைத்தாலும் அது நடுவிலிருந்து புறப்பட்டு நடுவுக்கே திரும்புகிறது. ஆகவே மற்ற இடங்களைவிட நடுப்பகுதிக்கே உராய்வு அதிகம். எந்த இடத்தில் அளவு மிகச் சரியாக இருக்க வேண்டுமோ, அந்த இடமே முதலில் தேய்கிறது!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படலத்தின் மொத்தத் தடை 10,000 ஓம் என்றும், தூரிகைக்கு இருபுறமும் 5,000 ஓம் வீதம் இருப்பதாகவும் கொள்வோம். தேய்மானத்தால் ஒரு புறத்தின் தடை மட்டும் 6,000 ஓம் ஆகிவிட்டால், நடுவில் கிடைக்க வேண்டிய 1.5 வோல்ட் ஏறக்குறைய 1.64 வோல்ட் ஆகிவிடும். சில்லு 128 என்று படிக்க வேண்டிய இடத்தில் 139 என்று படிக்கும். கோல் அசையவில்லை, ஆனால் ஆட்டக்காரன் மெதுவாகத் தள்ளுகிறான் என்று சில்லு நினைத்துக்கொள்கிறது. சுரண்டப்பட்ட கரித்தூளும், வெளியிலிருந்து புகும் தூசியும் தூரிகைக்கும் படலத்துக்கும் இடையில் சிக்கினால் எண் முன்னும் பின்னும் துள்ளும். இதுவே ரேடியோவில் ‘கரகர’ ஆகவும், ஆட்டத்தில் உதறலாகவும் வெளிப்படுகிறது. வில்சுருள் தளர்ந்தாலும் கோல் நடுவுக்குச் சரியாகத் திரும்பாது.

இதை மறைக்க ஒரு தந்திரம் உண்டு. நடுவைச் சுற்றிச் சிறு வட்டம் ஒன்றை வகுத்து, அதற்குள் வரும் எண்களைக் கண்டுகொள்ளாதே என்று நிரலுக்குச் சொல்லிவிடுவார்கள். இதைச் ‘செத்த பகுதி’ என்று சொல்லலாம். வட்டத்தைப் பெரிதாக்கினால் நழுவல் மறையும். ஆனால் மெல்லிய அசைவுகளும் அதோடு சேர்ந்து மறைந்துவிடும். காது மந்தமானால் இரைச்சல் கேட்காது என்பது போன்ற வைத்தியம் இது.

எத்தனை நாள் தாங்கும்?

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 கருவியோடு 2020இல் வந்த கன்ட்ரோலரை, பொருள்களைப் பிரித்து ஆராயும் ‘ஐஃபிக்ஸிட்’ நிறுவனத்தார் 2021இல் பிரித்துப் பார்த்தார்கள். அதிலிருந்த விரல்கோல் ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம் செய்தது. அந்த வகைக் கோலுக்கு 20 இலட்சம் சுழற்சிகள் என்று ஆயுள் குறிக்கப்பட்டிருந்தது. இருபது இலட்சம் என்றவுடன் மலைப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் விறுவிறுப்பான போர் ஆட்டம் ஒன்றில் நிமிடத்துக்குச் சுமார் 80 சுழற்சிகள் ஆவதாக அவர்கள் எண்ணினார்கள். 80ஐ 60ஆல் பெருக்கினால் மணிக்கு 4,800. இருபது இலட்சத்தை 4,800ஆல் வகுத்தால் வருவது ஏறக்குறைய 417 மணி. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆடுபவருக்கு இது ஏழு மாதம்!

417ஆவது மணியில் கோல் பழுதாகிவிடும் என்பது இதன் பொருளன்று. உறுப்பைச் செய்தவர் உறுதி கூறும் எல்லை அவ்வளவுதான் என்பதே பொருள். பல கோல்கள் அதைத் தாண்டியும் உழைக்கின்றன. எனினும் ரேடியோக் குமிழை ஒரு நாளில் நாம் எத்தனை முறை திருகினோம்? ஐந்து முறை, பத்து முறை. அப்படிப்பட்ட உறுப்பை நிமிடத்துக்கு 80 முறை ஆட்டும் இடத்தில் வைத்தால், தேய்மானம் விபத்தன்று; முன்கூட்டியே கணக்கிடக்கூடிய ஒன்று.

டயர் உவமை

நழுவலால் அதிகம் பெயர் கெட்டது நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘ஜாய்-கான்’ ஆகும். 2017 மார்ச் 3ஆம் நாள் வெளிவந்த ‘ஸ்விட்ச்’ என்ற கருவியின் இரு பக்கமும் மாட்டிக்கொள்ளும் சிறு பிடிகளே இவை. மெலிதாக இருக்க வேண்டும் என்பதால், சுழலும் குமிழுக்குப் பதில் தட்டையான கரிப்படலமும் அதன்மேல் வழுக்கும் தூரிகையும் கொண்ட கோலை இதில் வைத்தார்கள். வெளிவந்தபோது இரண்டு பிடிகளும் சேர்ந்து அமெரிக்காவில் 80 டாலர்.

2019 ஜூலையில் அமெரிக்காவில் இதற்கெதிராக வழக்குத் தொடரப்பட்டது. 2020 ஜூனில் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, வாடிக்கையாளருக்கு நேர்ந்த தொல்லைக்காக மன்னிப்புக் கேட்டார். வழக்கு நடப்பதால் மேற்கொண்டு பேசுவதற்கில்லை என்றார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு, பல நாடுகளிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 25,000 புகார்களோடு ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது. பிரான்சின் நுகர்வோர் சங்கமொன்று பழுதான ஜாய்-கான்களை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்க்கச் செய்து 2022இல் முடிவுகளை வெளியிட்டது. படலம் காலத்துக்கு முன்பே தேய்ந்திருந்தது. தூசி புகாதபடி அடைப்பும் சரியாக இல்லை என்பதே அந்த முடிவு. 2023இல், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் ஐரோப்பாவில் இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இதற்கிடையே 2021 அக்டோபரில் நிண்டெண்டோவின் பொறியாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். ஓடும் காரின் டயர் தரையில் உராய்ந்து தேய்வதைப் போலவே விரல்கோலும் தேயத்தான் செய்யும். தாங்கும் திறனைத் தொடர்ந்து கூட்டி வருகிறோம் என்பது அதன் சாரம்.

உவமை சரியானதே. அறிவியல்படி மறுக்க முடியாதது. ஆனால் அந்த உவமையையே அவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. டயர் தேயும் என்பது தெரிந்ததால்தான் காரைச் செய்பவன் அதை நான்கைந்து மரைகளைக் கழற்றி மாற்றும்படி வைத்தான். சாலையோரப் பஞ்சர் கடையிலும் அந்த வேலை நடக்கும். எந்த அளவு டயர் வேண்டும் என்று டயரின் மேலேயே எழுதியிருக்கும். டயரை அச்சோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டு, ‘தேய்ந்தால் புதுக் கார் வாங்கிக்கொள்’ என்று எவனும் சொல்வதில்லை. விளையாட்டுக் கருவிகளில் நடப்பதோ ஏறக்குறைய அதுதான். பிளேஸ்டேஷனின் சாதாரணக் கன்ட்ரோலரில் விரல்கோல் பலகையோடு ஈயப்பற்று வைத்து இணைக்கப்பட்டுள்ளது. ஜாய்-கானில் பற்றில்லை, நாடா போன்ற இணைப்பைக் கழற்றிவிட்டால் போதும். ஆனால் மூடியைத் திறக்கவே, சாதாரணத் திருப்புளி செல்லாத, மூன்று சிறகு வடிவப் பள்ளம் கொண்ட திருகாணிகளைக் கழற்ற வேண்டும். வேறு நிறுவனங்கள் செய்யும் உதிரிக் கோலை வாங்கித்தான் பலரும் மாற்றிக்கொண்டார்கள்.

வேறு வழி இல்லையா?

உண்டு, அதுவும் பழைய வழி. 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த எட்வின் ஹால் என்பவர் ஓர் உண்மையைக் கண்டார். மின்சாரம் பாயும் மெல்லிய தகட்டின் குறுக்கே காந்தப்புலம் செயல்பட்டால், தகட்டின் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. இதற்கு ஹால் விளைவு என்று பெயர். கோலின் அடியில் ஒரு சிறு காந்தத்தை வைத்து, சற்றுத் தள்ளி ஹால் உணர்வியை வைத்துவிட்டால், காந்தம் எவ்வளவு நகர்ந்தது என்பதைத் தொடாமலே அறியலாம். தொடாத இடத்தில் தேய்மானம் ஏது? மின்சார ஸ்கூட்டரின் முறுக்குப்பிடி வேலை செய்வதும் பெரும்பாலும் இம்முறையிலேதான்.

இதை விளையாட்டுக் கருவியில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சேகா நிறுவனம் 1996இலேயே தன் சாட்டர்ன் கருவிக்கான ஒரு பிடியிலும், 1998இல் டிரீம்காஸ்ட் கருவியிலும் ஹால் உணர்வியைப் பயன்படுத்திவிட்டது. இடம் போதாது என்ற சமாதானமும் நிற்காது. சீனாவின் குலிகிட் நிறுவனம், ஜாய்-கானின் அதே சிறு குழியில் பொருந்தும் ஹால் விரல்கோல்களைச் செய்து விற்றுக் காட்டியது.

ஆயினும் காந்தத்தைச் சர்வரோக நிவாரணி என்று கொண்டாடுவதும் சரியன்று. ஹால் கோலிலும் வில்சுருள் உண்டு, அது தளரும். பிளாஸ்டிக் மூட்டு உண்டு, அது தேயும். நிண்டெண்டோவின் 1996ஆம் ஆண்டுக் கருவியான ‘நிண்டெண்டோ 64’ இதற்குச் சான்று. அதில் அளவெடுத்தது ஒளியுணர்வி; அங்கே உராய்வே இல்லை. ஆனால் கோல் அமர்ந்திருந்த பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்து வெண்தூளாகி, கோலே தளர்ந்து ஆடத் தொடங்கியது. மேலும் ஹால் உணர்விக்கு மின்சாரம் சற்று அதிகம் வேண்டும். அருகிலுள்ள வேறு காந்தங்களும் அதைக் குழப்பலாம். 2025 ஜூன் 5ஆம் நாள் வெளிவந்த ‘ஸ்விட்ச் 2’ கருவியில் பிடிகள் காந்தத்தால்தான் ஒட்டிக்கொள்கின்றன. அதன் விரல்கோலில் ஹால் உணர்வி இல்லை என்று நிறுவனமே தெரிவித்தது. பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது பழைய பொட்டென்ஷியோமீட்டரையே. குறைந்த மின்சாரம் உண்ணும் டி.எம்.ஆர். என்ற மற்றொரு வகைக் காந்த உணர்வியும் இப்போது விரல்கோல்களில் இடம்பெறத் தொடங்கியுள்ளது.

பூட்டிய பெட்டி

எனவே குற்றம் கரிப்படலத்தின் மீதன்று. தேயும் உறுப்பு எந்தப் பொருளிலும் இருக்கும். அதை மாற்ற முடியாதபடி பூட்டி வைப்பதே குற்றம். இங்கேதான் இந்தச் சிறு கோல் ஒரு பெரிய கேள்வியாகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பழுது பார்க்கும் உரிமை யாருக்கு?

இவ்வுரிமைக்காகச் சில நாடுகளில் சட்டங்கள் வந்துள்ளன. ஆனால் அவற்றுள் சில விளையாட்டுக் கருவிகளைக் கவனமாக ஒதுக்கிவிட்டன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2023இல் நிறைவேறி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பழுதுபார்ப்புரிமைச் சட்டம் வீடியோ கேம் கருவிகளுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய ஆணையின் பட்டியலில் சலவை இயந்திரமும் கைப்பேசியும் உண்டு; விளையாட்டுக் கருவி இல்லை. இந்தியாவில் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை தொடங்கிய பழுதுபார்ப்புரிமைத் தளம், நிறுவனங்கள் தாமாக முன்வந்து விவரம் தரும் ஏற்பாடாகவே தொடங்கிற்று.

விலக்குக் கேட்கும் நிறுவனங்களின் வாதம் ஒன்றுதான். கருவியைத் திறக்க வழி காட்டினால் ஆட்டங்களைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பார்கள் என்பதே அது. முதன்மைச் சில்லைப் பொறுத்தவரை இந்த அச்சத்தில் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் விரல்கோலில் என்ன இரகசியம் இருக்கிறது? சிறிது கரி, ஓர் உலோகத் தூரிகை, ஒரு வில்சுருள். இதை மாற்றத் தெரிந்தவன் எந்த ஆட்டத்தையும் திருடிவிட முடியாது. பணப்பெட்டிக்குப் பூட்டு வேண்டும் என்பதற்காக வாசற்படியையும் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

மாற்ற முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. சோனி 2023 ஜனவரியில் வெளியிட்ட ‘டூயல்சென்ஸ் எட்ஜ்’ கருவியில் விரல்கோல் பகுதியை அப்படியே கழற்றி 20 டாலர் உதிரியை மாட்டிக்கொள்ளலாம். பாராட்டத்தக்க அமைப்புத்தான். ஆனால் வெளிவந்தபோது அக்கருவியின் விலை 200 டாலர். 2020இல் சாதாரணக் கருவியின் விலை 70 டாலர். எல்லோருக்கும் வேண்டிய வசதி ஆடம்பரப் பொருளாகிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2023இல் தன் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் உதிரிப் பாகங்களைத் தானே விற்க முன்வந்தது. இது இன்னும் நல்ல வழி.

தீர்ப்பு

அளவுகோலாக இருக்கும் தகுதியில் விரல்கோலுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். நாள்தோறும் உழைக்கும் பொருள் என்ற தகுதியில் தர முடியாது. தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியவை மூன்று. மின்விளக்குப் பெட்டியில் எரியும் மணிக்கணக்கை அச்சிடுவது போல, கோலின் ஆயுளையும் பெட்டியின் மேல் அச்சிடட்டும். தூசி புகாத அடைப்பை வைக்கட்டும். சாதாரணத் திருப்புளியால் கழற்றி மாற்றும் உதிரியாகக் கோலைச் செய்து நியாய விலைக்கு விற்கட்டும். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

வாங்குவோருக்கும் ஒரு சொல். கருவி வாங்கிய அன்றே கோலைத் தொடாமல் வைத்து, அளவு சரிபார்க்கும் திரையில் புள்ளி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு முறை அதையே செய்யுங்கள். புள்ளி விலகத் தொடங்கினால் உத்தரவாதம் முடியும் முன்பே, காணொளிப் பதிவோடு புகார் கொடுங்கள். கடைக்காரர் முன்னிலையில் கருவி நல்லபிள்ளையாக நடந்துகொண்டாலும் அந்தப் பதிவு பேசும். காற்றை ஊதியும் துப்புரவுத் திரவத்தைத் தெளித்தும் சில வாரங்களை ஓட்டலாம். தேய்ந்த கரி திரும்ப வளராது. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, படம் எவ்வளவு தெளிவு, வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ‘இந்தக் கோல் தேய்ந்தால் எங்கே மாற்றலாம், என்ன விலை?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கடைக்காரரிடம் பதில் இருக்கும் பொருளையே வாங்குங்கள்.